ஓடுபாதையிலிருந்து சாலைக்கு

பழைய பொருள் ஒன்றைப் புதுப்பிக்க முனைகிறவர்கள், அதை எந்தக் காலத்திற்குத் திருப்பி அழைத்துச் செல்லப் போகிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். கோயில் திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு நடந்து கல்வெட்டுகள் தேய்ந்துபோனதைப் பற்றி இலக்கிய நண்பர்கள் கூடும் இடங்களில் எல்லாம் நாம் நிறையவே வருந்தியிருக்கிறோம். திருப்பணி செய்தவர்களின் கண்ணுக்கு அது அழுக்கு; நமக்கோ அது வரலாறு. அப்படிப் பேசிப் பழகிய நாங்கள் நால்வர், அதே கேள்வி ஒரு மோட்டார் சைக்கிளின் வடிவில் எங்கள் முன் வந்து நிற்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

வண்டி ராஜ்தூத் 350. முதன்முதலில் கண்டபோது அதற்கு முகப்பு விளக்கு இல்லை. பின்விளக்கு இல்லை, ஹாரன் இல்லை, ஸ்டாண்டு இல்லை, கண்ணாடி இல்லை. கால் வைக்கும் கட்டைகள் இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் பின்னுக்குத் தள்ளிப் பற்றவைக்கப்பட்டிருந்தன. முகப்பு விளக்கிற்குரிய இடத்தில் நீள்வட்டமான ஒரு தகரத் தட்டு. அதில் வெண்மைப் பூச்சின்மேல் கையால் எழுதிய கறுப்பு எண். மீஞ்சூருக்கு அப்பால் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில், உரமூட்டைகளுக்குப் பின்னால் அது ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நின்றிருந்தது. ஓட்டியவர் காலமாகிவிட்டார். எண்பதுகளின் பிற்பகுதியில் சோழவரத்தில் அவர் அதை ஓட்டினார் என்பதும், கோப்பை எதையும் வென்றதில்லை என்பதும் அவருடைய மகள் சொல்லித்தான் தெரியும். வண்டியோடு ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகத்தையும் ஆர்.சி. புத்தகத்தையும் எங்களிடம் தந்த அவர், ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார்: "கண்காட்சியில நிறுத்திடாதீங்க. ரோட்டுல ஓடணும்."

ரோட்டில் ஓட வேண்டும். கேட்பதற்கு எளிய கோரிக்கை. ஆனால் பந்தயத்திற்காக மாற்றப்பட்ட ஒரு வண்டியைச் சாலைக்குத் திருப்புவது என்றால், அதன் பந்தய வாழ்வை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுப்பது என்றுதான் பொருள். எதைக் கழற்றுகிறோம் என்று தெரிந்துகொள்ளாமல் கழற்றக்கூடாது என்று தீர்மானித்தோம். இக்கட்டுரை அந்தத் தீர்மானத்திலிருந்து பிறந்தது.

*

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சோழவரத்தை இன்று பெரும்பாலோர் குடிநீர் ஏரியின் பெயராகவே அறிவர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான தளம் அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, கான்கிரீட் ஓடுபாதைகள் மட்டும் புல்வெளிக்கு நடுவே வெயிலில் கிடந்தன.

இவ்வாறு கைவிடப்பட்ட ஓடுபாதைகள் அன்று உலகெங்கும் இருந்தன. மோட்டார் பந்தயத்திற்கு அவற்றை விடப் பொருத்தமான இடம் வேறில்லை என்பதைப் போருக்குப் பிந்தைய தலைமுறை உடனே கண்டுகொண்டது. இங்கிலாந்தில் சில்வர்ஸ்டோன், குட்வுட் ஆகிய இரண்டு விமான தளங்களிலும் பந்தயங்கள் தொடங்கியது 1948இல். குண்டுவீச்சு விமானங்கள் ஏறி இறங்கிய தரையில் சாமானியர்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். போர் விட்டுச் சென்ற சொத்துகளில் அதிகம் சிந்திக்கப்படாத ஒன்று இது. 1953இல் தொடங்கப்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் சோழவரத்தை அவ்வாறே பயன்படுத்திக்கொண்டது. பாதுகாப்புத் துறையின் நிலம். ஆண்டின் பெரும்பகுதி வெறுமையாகக் கிடக்கும். பந்தய நாட்களில் மட்டும் ஊர் திரளும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் சென்னையில் வளர்ந்தவர்கள் பலருக்குச் சோழவரம் என்பது ஆமணக்கெண்ணெய் மணம். அன்றைய பந்தய எண்ணெய்களில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும். அது எரியும் மணத்தை ஒருமுறை முகர்ந்தவர்கள் மறப்பதில்லை.

ஓடுபாதை என்பதால் அங்கே நேர்கோடுகள் நீளம்; அவற்றின் முனைகளில் வரும் வளைவுகளோ கூர்மையானவை. முழு வேகத்தில் வந்து, அடக்கி, திரும்பி, மீண்டும் முழு வேகம். எங்கள் வண்டியின் நோட்டுப் புத்தகத்தில் இந்தத் தரையின் சாயலைக் காண முடிந்தது. பின்சக்கரப் பல்லின் எண்ணிக்கை மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதப்பட்டிருந்தது. நேர்கோட்டில் கிடைக்கும் உச்ச வேகத்திற்கும் வளைவிலிருந்து எழும் வேகத்திற்கும் இடையே அவர் நடத்திய பேரம் அது.

1990இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், பந்தயத்திற்கென்றே அமைக்கப்பட்ட 3.7 கிலோமீட்டர் தடத்தை அதே கிளப் திறந்தது. சோழவரத்தின் காலம் முடிந்தது. அதோடு, சாலை வண்டியைக் கொட்டகையில் வைத்து அரத்தால் தேய்த்துப் பந்தய வண்டியாக்கிக்கொண்டு வந்த தனிமனிதர்களின் காலமும் மெல்ல மெல்ல முடியத் தொடங்கியது.

*

இனி எஞ்சினைப் பற்றி. இங்கே நாம் சற்றுத் தொலைவு பயணம் செய்ய வேண்டும்.

கிழக்கு ஜெர்மனியாகப் பின்னாளில் ஆன நிலப்பகுதியில், ட்ஷோப்பாவ் என்ற சிற்றூரில், டென்மார்க்கில் பிறந்த ராஸ்முஸன் என்பவர் டி.கே.டபிள்யூ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். டூ ஸ்ட்ரோக் எஞ்சின்தான் அவர்களுடைய தனித்திறன். 1939இல் அவர்கள் வெளியிட்ட ஆர்.டி. 125 என்ற சிறிய வண்டி, போருக்குப் பின் உலகில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட வண்டிகளுள் ஒன்றாயிற்று. தோற்ற நாட்டின் வடிவமைப்புகள் வென்ற நாடுகளின் உடைமையாயின, இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பேண்டம், அமெரிக்காவில் ஹார்லி டேவிட்சனின் 125 சி.சி. வண்டி, சோவியத் ஒன்றியத்தின் மாஸ்க்வா எல்லாம் அதன் பிள்ளைகளே. ஜப்பானில் ஆர்கனும் பியானோவும் செய்துகொண்டிருந்த நிப்பான் காக்கி என்ற இசைக்கருவி நிறுவனமும் அதையே முன்மாதிரியாகக் கொண்டு, 1955இல் தன் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தது. அந்த வண்டியின் பெயர் ஒய்.ஏ.1, மக்கள் அதைச் 'செந்தும்பி' என்று அழைத்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கெனப் பிரிந்த புதிய நிறுவனம் யமஹா. அதன் சின்னத்தில் மூன்று இசைக்கவைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதை நாம் எத்தனையோ டேங்குகளில் பார்த்திருக்கிறோம்.

ஒலிக்கும் இந்த எஞ்சினுக்கும் உள்ள உறவு சின்னத்தோடு நிற்பதன்று. இத்தகைய டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக்கில் உள்ளதைப் போன்ற வால்வுகள் கிடையாது. சிலிண்டர் சுவரில் வெட்டப்பட்ட துளைகளைப் பிஸ்டன் மேலும் கீழும் சென்று மூடித் திறக்கிறது. எரிந்த புகை வெளியேறும் துளை திறந்திருக்கும் அதே சமயத்தில் புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு வெளியே ஓடிவிடும். அந்த எஞ்சினின் பிறவிக் குறை இது. இதற்கு மருந்து கண்டவர்களில் முதன்மையானவர் வால்டர் காடன். போர்க்காலத்தில் வானூர்தி ஆயுத ஆராய்ச்சியில் பணியாற்றிய இவர், ஐம்பதுகளில் அதே ட்ஷோப்பாவ் தொழிற்சாலையில், எம்.இசட். என்று பெயர் மாறியிருந்த நிறுவனத்தின் பந்தயப் பிரிவை நடத்தினார். புகைக்குழாயை வெறும் குழாயாக வைக்காமல், நாதஸ்வரத்தின் அணசைப் போல முதலில் விரித்து, பிறகு குறுக்கி முடித்தார். விரியும் பகுதி, ஒலியலையைத் திருப்பி அனுப்பிச் சிலிண்டரிலிருந்து புகையை இழுக்கும். குறுகும் பகுதியில் மோதித் திரும்பும் அலை, வெளியே தப்பியோடிய புதிய கலவையை, துளை மூடுவதற்கு ஒரு கணம் முன்பு மீண்டும் உள்ளே தள்ளிவிடும். நகரும் பாகம் ஒன்றுகூட இல்லை. தகரத்தின் வடிவம் மட்டுமே. 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத் திறனை எட்டியிருந்தது. லிட்டருக்கு 200 குதிரைத் திறன் என்ற கணக்கு அன்றைய பொறியாளர்களை மலைக்க வைத்த ஒன்று.

அந்த ஆண்டு ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. அடுத்த மாதம் சுவீடனில் நடந்த பந்தயத்திற்கு எம்.இசட். அணியின் முதன்மை ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் வந்தார். உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பந்தயத்தில் எஞ்சின் பழுதாயிற்று. டெக்னர் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பவில்லை. அவர் சென்று சேர்ந்த இடம் ஜப்பானின் சுஸுகி நிறுவனம். அவரோடு சென்றது காடனின் அறிவு. மறு ஆண்டே 50 சி.சி. பிரிவில் சுஸுகிக்கு உலகப் பட்டத்தை வென்று கொடுத்தார் டெக்னர். சில ஆண்டுகளில் அந்த அறிவு பந்தய உலகின் பொதுச் சொத்தாகிவிட்டது. 1964இல் யமஹாவின் டூ ஸ்ட்ரோக் வண்டியில் ஃபில் ரீட் 250 சி.சி. பட்டத்தை வென்றார். வறுமைப்பட்ட ஒரு தேசத்தின் தொழிற்சாலையில் காடன் பயிராக்கியதை, அறுவடை செய்துகொண்டது ஜப்பான். துரோகம் என்று காடன் கருதியிருக்கக்கூடும். விடுதலை என்று டெக்னர் கருதியிருக்கக்கூடும். வரலாறு இருவரையும் ஒரே குழாய்க்குள் வைத்திருக்கிறது.

இந்த வழியில் 1973இல் வந்து சேர்ந்ததுதான் யமஹா ஆர்.டி. 350. இரட்டைச் சிலிண்டர், 347 சி.சி., ஆறு கியர். உருளை விட்டம் 64 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 54 மில்லிமீட்டர். அதே ஆண்டு யமஹா பந்தயத்திற்கென விற்ற டி.இசட். 350 வண்டியின் அளவுகளும் அவையே. பந்தய வண்டிக்கு நீர்க்குளிர்ச்சி உண்டு. இதற்குக் காற்றே குளிர்ச்சி. மற்றபடி இரண்டும் உடன்பிறப்புகள். 1974இல் அகோஸ்டினி யமஹாவில் 350 சி.சி. உலகப் பட்டத்தை வென்றபோது, ஏறக்குறைய அதே குருதி ஓடும் வண்டியைக் கடையில் வாங்கிச் சாலையில் ஓட்டும் வாய்ப்பு சாதாரண இளைஞனுக்கும் இருந்தது. ஆகவே எங்கள் வண்டியைப் பந்தய வண்டியாக்கியவர் புதிதாக எதையும் திணிக்கவில்லை. அதற்குள் உறங்கிக்கொண்டிருந்த ஒன்றை எழுப்பினார் என்றே சொல்ல வேண்டும்.

*

இந்தியாவுக்கு அது பத்தாண்டு தாமதமாக வந்தது. யமஹா மேலைநாடுகளில் அதன் விற்பனையை நிறுத்திப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு, 1983இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் இங்கே வெளியிட்டது. ராஜ்தூத் என்றால் அரச தூதன். கிராமத்துப் பால்காரர்களின் வண்டியாக அதுவரை அறியப்பட்டிருந்த பெயர், ஒரே நாளில் நாட்டின் மிக வேகமான மோட்டார் சைக்கிளுக்கும் உரியதாயிற்று. அன்றைய 350 சி.சி. புல்லட்டின் திறன் 18 குதிரை. இதன் முதல் வார்ப்பு 30.5. பின்னர் எரிபொருள் செலவைக் குறைக்கும் நோக்கத்தில் திறனைத் தாழ்த்தி இன்னொரு வார்ப்பையும் விட்டார்கள்.

ஒரு வேறுபாட்டை மட்டும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஜப்பானிய வண்டிக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வண்டிக்கு அதற்கு முந்தைய தலைமுறையின் டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. வேகத்தை முழுமையாகவும் நிறுத்தத்தைச் சிக்கனமாகவும் கொடுத்த இந்த ஏற்பாடு, அந்த வண்டியின் மீது அச்சம் கலந்த ஒரு கீர்த்தியைப் படியவைத்தது. நாற்பதைக் கடந்த எந்த மோட்டார் சைக்கிள்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ஆர்.டி. வாங்கி அடிபட்ட ஒரு பணக்கார வீட்டுப் பையனின் கதை வரும்.

1985இல் ஹீரோ ஹோண்டாவின் சி.டி. 100 வந்தது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதே நாட்டின் கேள்வியாகிவிட்ட காலத்தில், பெட்ரோலைக் குடிக்கும் இரட்டைச் சிலிண்டர் டூ ஸ்ட்ரோக்கிற்கு இடமில்லை. பத்தாண்டு முடிவதோடு ராஜ்தூத் 350இன் உற்பத்தியும் முடிந்தது. சந்தை அதைக் கைவிட்ட வேளையில்தான் பந்தயக்காரர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். வெளிநாட்டுப் பந்தய வண்டி என்பது கனவிலும் கிட்டாத, இறக்குமதிக்குக் கதவடைத்த ஒரு தேசத்தில், உலகப் பட்டம் வென்ற எஞ்சினின் உடன்பிறப்பு புதுப்பேட்டையில் பழைய விலைக்குக் கிடைத்தது என்றால் வேறென்ன வேண்டும்?

*

எஞ்சினைத் திறந்தவர் அறுபதைக் கடந்த ஒரு மெக்கானிக். இளமையில் பந்தய வண்டிகளுக்குக் கைவேலை செய்தவர். சிலிண்டரை விளக்கொளியில் தூக்கிப் பிடித்து உள்ளே நெடுநேரம் பார்த்தார். புகைத்துளையின் மேல்விளிம்பு அரத்தால் உயர்த்தப்பட்டிருந்தது, பக்கங்கள் அகலப்படுத்தப்பட்டிருந்தன. "கை சுத்தமான கை" என்றார். பிறகு சிலிண்டரைத் துணியின்மேல் வைத்துவிட்டு, "தேய்ச்ச இரும்பு திரும்ப வராது தம்பி" என்றார்.

சிக்கலின் மையம் அதுவே. துளை உயர்ந்தால் எஞ்சினின் பலம் முழுவதும் மேல்சுற்றுகளுக்கு ஏறிவிடும். நிமிடத்திற்கு ஆறாயிரம் சுற்றுக்கு மேல் வண்டி பாயும். அதற்குக் கீழே மூச்சுத் திணறும். சோழவரத்து ஓடுபாதையில் கீழ்ச்சுற்றுகளுக்கு வேலையே இல்லை. கோயம்பேட்டு நெரிசலில் அவற்றைத் தவிர வேறெதற்கும் வேலையில்லை. காடனின் குழாய்க்கும் இதே இயல்பு உண்டு. அலை திரும்பி வரும் நேரமும் துளை மூடும் நேரமும் பொருந்துவது ஒரு குறுகிய வேக எல்லைக்குள் மட்டுமே. எல்லா வேகத்திலும் அது உதவும் என்று எண்ணுவது பிழை.

மற்றவற்றையும் பார்த்தோம். கிராங்க்கின் இரு முனைகளிலும் உள்ள ஆயில் சீல்கள் காய்ந்து வெடித்திருந்தன. பலரும் சாதாரணமாக எண்ணும் இந்தச் சிறு ரப்பர் வளையங்களே டூ ஸ்ட்ரோக்கின் உயிர்நாடி. இந்த எஞ்சினில் கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர்ப்பெட்டியின் எண்ணெய் உறிஞ்சப்பட்டு வெண்புகையாக வெளியேறும். எதிர்ப்பக்கத்துச் சீல் போனாலோ வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறி, ஓட்டத்தின் நடுவிலேயே சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். எண்ணெயைத் தானாகச் செலுத்தும் பம்ப் நீக்கப்பட்டிருந்தது; பந்தயத்தில் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்தே ஊற்றுவார்கள். மின்சாரம் உண்டாக்கும் சுருள்களும் எடைக்குறைப்பில் போயிருந்தன. விளக்கில்லாத வண்டிக்கு அவை வெறும் சுமை.

ஃபிரேமைப் பற்றிய பேச்சு வந்தபோதுதான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு முளைத்தது. துருவையும் பழைய பூச்சையும் நீக்க மணல்வீச்சு செய்து, புதிதாகப் பவுடர் கோட்டிங் கொடுப்பதே வழக்கம் என்றார்கள். அப்படிச் செய்தால் வண்டி பளபளக்கும். ஆனால் கையால் பற்றவைத்த கட்டைகளின் தழும்பும், இடப்பக்கம் விழுந்து இழுபட்ட ஒரு நீண்ட கீறலும், பெட்ரோல் டேங்கில் முழங்கால் பதிந்து தேய்ந்த இடமும் மறைந்துவிடும். கோயிலுக்காக வருந்திய வாயால் இதற்குச் சம்மதம் சொல்ல எங்களில் இருவருக்கு மனம் வரவில்லை. மற்ற இருவர் கேட்ட கேள்வியும் நியாயமானதே. கல்வெட்டில் ஓர் அரசனின் தானம் இருக்கிறது. இந்தக் கீறலில் என்ன இருக்கிறது? கோப்பை வெல்லாத ஒருவர் ஒரு வளைவில் விழுந்து எழுந்தார் என்பதைத் தவிர?

விவாதம் இரண்டு வாரம் நீண்டது. முடிவில் எங்களைச் சமாதானப்படுத்தியது அந்த மனிதர் எழுதிய நோட்டுப் புத்தகம். ஜெட் எண், பிளக் நிறம், பல்லின் எண்ணிக்கை, காற்றழுத்தம் எனக் கணக்குகளாக ஓடும் பக்கங்களுக்கு நடுவே, ஒரு நாளின் கீழ் "இடப்பக்கம் விழுந்தேன். டேங்க் சரி. மீண்டும் கிளம்பினேன்" என்று மூன்று வாக்கியங்கள் இருந்தன. அந்தப் பந்தயத்தைப் பற்றி வேறெங்கும் ஒரு வரியும் இருக்கப் போவதில்லை. வென்றவர்களின் பெயர்களைச் செய்தித்தாள்கள் வைத்திருக்கும். ஏழாவதாகவோ பதினோராவதாகவோ வந்தவருக்கு அந்தக் கீறலும் இந்த மூன்று வாக்கியங்களுமே சாசனம். ஒன்றில்லாமல் மற்றொன்றைப் படிக்க முடியாது. மணல்வீச்சு வேண்டாம் என்று நால்வரும் ஒப்புக்கொண்டோம். துருவை மட்டும் கையால் தேய்த்து எடுத்தோம்.

*

சட்டம் எங்களைவிடக் கறாராக இருந்தது.

நம் நாட்டில் தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு தகுதியைச் சோதித்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வண்டியின் பதிவு எப்போதோ காலாவதியாகியிருந்தது. 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கெனத் தனி விதிகளைக் கொண்டுவந்தது. அந்தத் தகுதிக்கு முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். நாட்டின் மிக மூத்த ராஜ்தூத் 350க்கே அந்தத் தகுதி 2033இல்தான் வாய்க்கும். அந்தத் தகுதி பெற்றாலும் அன்றாடப் பயணத்திற்கு அனுமதி இல்லை. ஆகவே சட்டத்தின் பார்வையில் எங்கள் வண்டி தொன்மையானது அன்று, வெறுமனே பழையது.

இதைவிடப் பெரிய இடி வேறொன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. ஆர்.சி. புத்தகத்திலிருந்த எஞ்சின் எண்ணை கிராங்க் கேஸில் பொறித்திருந்த எண்ணோடு ஒப்பிட்டபோது இரண்டும் வேறாக இருந்தன. பந்தயத்திற்காக வேறொரு எஞ்சினைத் தயார் செய்து மாற்றியிருக்கிறார். அதற்குரிய ரசீது எதுவும் இல்லை. எண்ணைத் தேய்த்துப் புதிதாகப் பொறித்துத் தர ஆள் இருக்கிறது என்று ஒரு கடையில் தணிந்த குரலில் சொன்னார்கள். அது குற்றம் என்பது ஒருபுறமிருக்க, ஒரு கீறலைக் காப்பாற்ற இரண்டு வாரம் சண்டையிட்டவர்கள் எண்ணைப் பொய்யாக எழுதுவது எப்படி?

நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை மீண்டும் பார்த்தோம். "ரோடு எஞ்சின் – பரண்" என்று பென்சிலில் எழுதியிருந்தது. அவருடைய மகளுக்குத் தொலைபேசியில் சொன்னோம். பரணில் வெண்கல அண்டாவுக்குப் பின்னால் ஒரு கோணிச் சாக்கு இருந்தது. கிராங்க் கேஸின் இரண்டு பாதிகளும் கிரீஸ் தடவிக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. தனியே துணியில் சுற்றி இரண்டு சிலிண்டர்கள், அரம் படாதவை. இந்த எஞ்சினில் கேஸின் இரு பாதிகளும் ஒன்றாகக் கடையப்பட்டவை. ஒரு பாதி இல்லாமல் மற்றது உதவாது. அவர் இரண்டையும் சேர்த்தே வைத்திருந்தார். எண் ஒத்துப்போயிற்று.

மகிழ்ந்தோம், உடனே ஒரு சங்கடமும் எழுந்தது. இனிச் சாலையில் ஓடப்போவது அவர் சோழவரத்தில் ஓட்டிய எஞ்சின் அன்று. விரித்துக் குறுக்கிய குழாய்களும் போக வேண்டும்; அவற்றின் ஓசையைச் சாலை விதிகள் ஏற்கா. பின்னுக்குத் தள்ளிய கட்டைகளில் கால் வைத்து நகரத்தில் ஓட்டுவது இடுப்புக்குக் கேடு. அப்படியானால் பந்தய வண்டி என்று எஞ்சுவது என்ன?

ஏட்டுச் சுவடிகளிலிருந்து நூல்களைப் பதிப்பித்தவர்களின் உழைப்பை இங்கே நினைத்துக்கொண்டோம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, பல பிரதிகளைத் தேடிச் சேர்த்து ஒப்புநோக்கிய பின்னரே. பதிப்பாசிரியர் ஒரு பாடத்தை மூலமாகக் கொள்கிறார். கொள்ளாத பாடத்தை எரித்துவிடுவதில்லை, அடியில் குறித்து வைக்கிறார். படிக்கிறவருக்கு ஓடும் மூலமும் வேண்டும். ஆய்கிறவருக்கு விடுபட்ட பாடமும் வேண்டும். நாங்கள் செய்ததும் ஏறத்தாழ அதுவே. பந்தய எஞ்சினைப் பிரிக்காமல், உட்புறம் எண்ணெய் ஊற்றி, குழாய்களோடு ஒரு மரப்பெட்டியில் வைத்தோம். எந்தப் பாகம் எங்கிருந்து கழற்றப்பட்டது, அதன் அளவு என்ன என்பதை அதே நோட்டுப் புத்தகத்தில், அவர் விட்ட பக்கத்திற்கு அடுத்த பக்கத்திலிருந்து எழுதினோம். பின்தள்ளிய கட்டைகளை அறுக்காமல் விட்டு, முன்னே திருகால் இணைக்கும் புதிய கட்டைகளைப் பொருத்தினோம். வேண்டுகிறவர் பின்னொரு நாளில் ஒரு வாரத்தில் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

சாலை எஞ்சினுக்குப் புதிய சீல்கள், ஒரு சுற்று ரீபோர், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன்கள், எண்ணெய் பம்ப், மின்சுருள். விளக்கும் ஹாரனும் கண்ணாடியும் வந்தன. பிரேக்கில் மட்டும் நாங்கள் வரலாற்றைப் பொருட்படுத்தவில்லை. டிரம்மைக் கடைந்து, லைனிங்கைப் புதிதாக ஒட்டி, ஷூக்கள் முழுமையாகப் படியும்வரை மெக்கானிக் அதைப் பன்முறை கழற்றிப் பூட்டினார். பந்தய எஞ்சினிலிருந்து ஒரே ஒரு பொருளை எடுத்துச் சாலை எஞ்சினுக்குக் கொடுத்தோம்: கியர் எண்ணெய் வடியும் துளையின் திருகு. ஓட்டத்தில் கழன்று விழாதிருக்கக் கம்பி கோத்துக் கட்டுவதற்காக அதன் தலையில் மெல்லிய துளை ஒன்று போடப்பட்டிருந்தது. சாலை வண்டிக்கு அது தேவையில்லை. இருந்தாலும் கம்பியும் கட்டினோம்.

ஆய்வாளர் எண்களைச் சரிபார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார். தாமதத்திற்கான அபராதத்தையும் பசுமை வரியையும் கட்டினோம். கீழே குனிந்தவர் அந்தக் கம்பியைப் பார்த்து, "இது எதுக்கு?" என்றார். "முன்னாடி ரேஸ் ஓடின வண்டி சார்" என்றோம். ஒரு கணம் வண்டியை மேலும் கீழும் பார்த்தார், கையெழுத்திட்டார்.

*

முதல் நீண்ட பயணத்தை வடக்கு நோக்கித்தான் மேற்கொண்டோம். செங்குன்றம் கடந்ததும் சாலை விரிந்தது. நான்காயிரம் சுற்றில் வண்டி மெல்லிய இரட்டைக் குரலில் ஓடியது. அதற்கு மேல் போகச் சொல்லி அது கெஞ்சவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். பின்னால் காரில் அவருடைய மகள் வந்தார். விமான தளம் பாதுகாப்புத் துறைக்கு உரியது. உள்ளே செல்ல இயலாது. ஏரிக்கரை ஓரம் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் சற்று நின்றோம். எண்ணெய் எரியும் மெல்லிய நீலப் புகை கரைமேல் படர்ந்தது. அவர் இறங்கி வந்து, முகப்பு விளக்கின் கீழே நாங்கள் பொருத்தி வைத்திருந்த அந்தப் பழைய எண் தட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"மணம் வேற" என்றார். "அப்பா சட்டையில வேற மாதிரி இருக்கும்."

அது ஆமணக்கெண்ணெய். எங்கள் பதிப்பில் விடுபட்டுப்போன பாடம். அன்றிரவு நோட்டுப் புத்தகத்தில் அதையும் குறித்து வைத்தோம்.